கேமராவுக்குக் கீழே சக்கரம்: ட்ராலி முதல் ஸ்டெடிகாம் தாங்கி வரை

திரைப்படக் கேமராவை நகர்த்துவதற்கும், நகரும்போது அது நடுங்காமல் இருப்பதற்கும் உருவான கருவிகளின் வரலாறு, லென்சு, படச்சுருள் ஆகியவற்றின் வரலாற்றுக்குள் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே இடம்பெறுகிறது. ஆனால் திரையில் நாம் காணும் நகர்வுகளில் பெரும்பகுதி சக்கரத்தின் மீது நிகழ்ந்தவை. ஸ்டெடிகாம் என்னும் உடலில் அணியும் நிலைப்படுத்தி 1970களில் அந்தச் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் விலக்குவதற்காகவே உருவாக்கப்பட்டது. எனினும் அது புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே சக்கரம் அதனிடம் திரும்பி வந்துவிட்டது. வேகமான காட்சிகளில் கருவியையும் அதை இயக்குபவரையும் ஏற்றிச் செல்லும் வண்டியாக வந்தது. காட்சிகளுக்கு இடையே கருவியை இறக்கி நிறுத்தும் உருளும் தாங்கியாகவும் வந்தது. எந்தத் தாங்கி, எத்தகைய சக்கரம் என்ற தேர்வை வாடகைக் கணக்காக மட்டும் பார்க்க முடியாது. இயக்குபவரின் முதுகும், அருகில் நிற்பவரின் காலும், விலை உயர்ந்த கருவியும் அந்தத் தேர்வைச் சார்ந்திருக்கின்றன.

படகும் இரயிலும்

கேமராவை நகர்த்துவதற்கென்று தனிக் கருவி இல்லாத காலத்தில், ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்த ஊர்திகளில் கேமரா ஏற்றப்பட்டது. லூமியேர் நிறுவனத்தின் ஒளிப்பதிவாளரான அலெக்சாந்தர் ப்ரோமியோ 1896இல் வெனிசு நகரின் பெருங்கால்வாயைப் படகிலிருந்து படம்பிடித்தார். அடுத்த ஆண்டிலேயே இரயில் எஞ்சினின் முன்புறத்தில் கேமராவைக் கட்டிவைத்துச் சுரங்கப்பாதைக்குள் நுழையும் படங்கள் அமெரிக்காவில் வெளிவந்தன. தண்டவாளமும் எஃகுச் சக்கரமும் தந்த ஓட்டம், கையால் சுழற்றி இயக்கப்பட்ட அன்றைய கேமராவுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் ஒரு நடிகரைப் பின்தொடர இரயிலைக் கூடத்துக்குள் கொண்டுவர முடியாது.

பாஸ்ட்ரோனேயின் வண்டி

படப்பிடிப்புக்கென்றே செய்யப்பட்ட உருளும் மேடையைப் புகழ்பெறச் செய்தவர் இத்தாலிய இயக்குநர் ஜொவானி பாஸ்ட்ரோனே. 'கரெல்லோ' எனப்பட்ட அந்த வண்டிக்கு அவர் 1912இல் காப்புரிமை பெற்றார். 1914இல் வெளிவந்த 'கபிரியா' படத்தில் செகுண்டோ தே ஷோமோனின் ஒளிப்பதிவுடன் அது பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. பிரம்மாண்டமான கோயில், அரண்மனை அரங்குகளுக்குள் கேமரா மெதுவாகச் சாய்கோட்டில் ஊர்ந்தது. அசையாத கேமராவுக்கு வரைந்த திரைச்சீலையும் கட்டிய தூணும் ஒன்றுபோலத்தான் தெரியும். கேமரா ஓரடி நகர்ந்தவுடன் முன்னிருக்கும் தூணும் பின்னிருக்கும் சுவரும் வெவ்வேறு வேகத்தில் விலகுவதால், அரங்கு உண்மையாகவே கட்டப்பட்டது என்பது பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். கட்டுமானத்துக்குச் செலவிட்ட பணத்தைத் திரையில் காட்டித் தந்தது அந்த வண்டி. இத்தகைய நகர்வுக்கு அமெரிக்கத் திரைத்துறையில் சில காலம் 'கபிரியா நகர்வு' என்றே பெயர் வழங்கியது. 1916இல் டி. டபிள்யூ. கிரிஃபித் தம் 'இன்டாலரன்ஸ்' படத்தின் பாபிலோன் அரங்குக்காக, தண்டவாளத்தில் ஓடும் கோபுரத்தில் ஏறி இறங்கும் மேடை ஒன்றை அமைத்தார்.

கரெல்லோவின் வழிவந்த வண்டிகளை ஆங்கிலத்தில் டாலி என்பர். தமிழ்த் திரைப்படத் தொழிலாளர்கள் அதை ட்ராலி என்று அழைப்பதே வழக்கம்.

மிதிவண்டியும் ஒலிக்கூண்டும்

1924இல் எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கிய 'டெர் லெட்ஸ்டே மான்' படத்தின் தொடக்கக் காட்சியில் கேமரா மின்தூக்கியில் இறங்கி, விடுதிக் கூடத்தைக் கடந்து வாசலை நோக்கிச் செல்கிறது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் அதற்கு மிதிவண்டியைப் பயன்படுத்தினார். வேறு சில காட்சிகளில் கேமராவைத் தம் மார்பில் கட்டிக்கொண்டு நடந்தார். பிற்கால ஸ்டெடிகாமின் இரு முகங்களையும் இங்கே காணலாம்: காற்றடைத்த டயர் ஒரு பக்கம், மனித உடல் மறு பக்கம். இடையே இருக்கவேண்டிய சுருள்வில் மட்டும்தான் அப்போது இல்லை.

1920களின் இறுதியில் ஒலிப்படம் வந்ததும் இந்தச் சுதந்திரம் சட்டென்று சுருங்கியது. கேமரா எழுப்பும் இரைச்சல் ஒலிவாங்கியில் பதியாதிருக்க, கேமராவும் அதை இயக்குபவரும் காற்றோட்டமற்ற கூண்டுக்குள் அடைக்கப்பட்டனர். ரூபன் மமூலியன் 1929இல் 'அப்ளாஸ்' படத்தை எடுத்தபோது அந்தக் கூண்டையே சக்கரங்களின் மீது ஏற்றி நகர்த்தச் செய்தார். பின்னர் கூண்டு சுருங்கிக் கேமராவை மட்டும் மூடும் உறையானது. ஆனாலும் உறையோடு சேர்ந்த கேமராவின் எடை ஒருவர் தூக்கி நடக்கும் அளவில் இல்லை. அடுத்த 40 ஆண்டுகள் ட்ராலி படப்பிடிப்புத் தளத்தை ஆண்டதற்கு அழகியல் மட்டும் காரணமில்லை. எடை வேறு வழி விடவில்லை.

நண்டு நடை

எடை கூடக் கூட ட்ராலியும் கனத்தது. கனத்த வண்டியை வளைப்பது கடினம் என்பதால், நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஒரே திசைக்குத் திரும்பும் அமைப்பு உருவானது. வண்டியின் முகம் மாறாமல் அது பக்கவாட்டில் நகரும் என்பதால் 'நண்டு ட்ராலி' என்று பெயர். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'ரோப்' (1948) இதற்கான கடுமையான தேர்வாக அமைந்தது. 1,000 அடிப் படச்சுருள் நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் 11 நிமிடங்களில் தீர்ந்துவிடும். அந்த நீளத்தை ஒட்டிய இடைவிடாத காட்சிகளாகப் படம் திட்டமிடப்பட்டது. ட்ராலி ஒரு குடியிருப்பின் அறைகளுக்குள் சுற்றிவர, சுவர்கள் ஓசையின்றி உருண்டு வழிவிட்டன. தொழிலாளர்கள் மேசை நாற்காலிகளை எடுத்துவிட்டு மீண்டும் வைத்தனர். அப்படப்பிடிப்பில் ட்ராலி ஒருவரின் பாதத்தில் ஏறி எலும்பை முறித்ததாகவும், காட்சி கெடாதிருக்க அவர் வாயைப் பொத்தி வெளியே கொண்டுபோனதாகவும் ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை எவ்வாறாயினும், சில நூறு கிலோகிராம் எடையுள்ள வண்டி சிறிய சக்கரங்களின் மீது ஓசையின்றி நகரும் இடத்தில் அப்படி நேர்வது வியப்பில்லை.

பணமில்லாதவர்களுக்கு வேறு வண்டிகள் கிடைத்தன. ழான் லுக் கோதார் 1959இல் 'மூச்சுத் திணற' என்று பொருள்படும் தலைப்புடைய தம் முதல் முழுநீளப் படத்தைப் பாரிசு நகரில் எடுத்தபோது, ஒளிப்பதிவாளர் ரவூல் கூத்தாரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளினார். ஷாம்ஸ் எலிசே சாலையில் நடந்த காட்சிக்கு, தபால் மூட்டை ஏற்றும் கைவண்டிக்குள் கூத்தார் ஒளிந்துகொண்டார். அந்தக் காட்சிகளின் இலேசான ஆட்டம் பின்னர் ஒரு பாணியாகவே கொண்டாடப்பட்டது. அது சாலையின் மேடுபள்ளம் சக்கரத்தின் வழியே நேராகக் கேமராவுக்கு ஏறியதன் விளைவு என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

சக்கரத்தை விலக்கியவர்

காரெட் பிரவுன் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்தவர். நாட்டுப்புறப் பாடகராக இருந்து விளம்பரப் படத் துறைக்கு வந்தவர். அவரிடம் பழைய, மிகக் கனமான ட்ராலி ஒன்று இருந்தது. அதைத் தூக்கிச் சென்று தண்டவாளம் பரப்பி ஒரு சிறு நகர்வை எடுப்பதற்குள் பொழுது போய்விடும். கையில் கேமராவை ஏந்தி நடந்தாலோ ஒவ்வோர் அடியும் படத்தில் அதிர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் அவர் குழாய்களையும் எடைக்கட்டிகளையும் கொண்டு சோதனைகளைத் தொடங்கினார்.

அவர் கண்ட தீர்வு மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது, ஒரு நீண்ட கம்பம். அதன் மேல்முனையில் கேமராவும், கீழ்முனையில் மின்கலமும் காட்சித்திரையும் பொருத்தப்பட்டன. எடை இரு முனைகளுக்கும் பிரிந்திருப்பதால், கம்பம் எளிதில் திரும்பவோ சாயவோ மறுக்கும். ஈர்ப்பு மையத்துக்குச் சற்று மேலே, மூன்று அச்சிலும் தடையின்றிச் சுழலும் கிம்பல் இணைப்பில் அது தொங்கும். இரண்டாவது, சுருள்வில்கள் கொண்ட கை. இது நடப்பவரின் உடல் ஏறி இறங்குவதைக் கேமராவுக்குச் செல்லவிடாமல் விழுங்கிவிடும். மூன்றாவது, எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் மேலங்கி. கண் கேமராவில் பட்டாலே அது அசைந்துவிடும் என்பதால், இயக்குபவர் கீழே உள்ள சிறு தொலைக்காட்சித் திரையைப் பார்த்தே படம்பிடித்தார்.

சோதனைப் படச்சுருளில், ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தின் படிகளில் ஓடும் ஒரு பெண்ணைக் கேமரா பின்தொடர்ந்தது. அதைப் பார்த்த இயக்குநர் ஜான் அவில்ட்சன் அதே படிகளை 'ராக்கி' (1976) படத்தில் பயன்படுத்திக்கொண்டார். சினிமா ப்ராடக்ட்ஸ் நிறுவனம் கருவியைத் தயாரிக்க முன்வந்தது. முதன்முதலில் அது பயன்பட்டது ஹால் ஆஷ்பி இயக்கி, ஹாஸ்கெல் வெக்ஸ்லர் ஒளிப்பதிவு செய்த 'பவுண்ட் ஃபார் குளோரி' படத்தில். உயரமான கிரேனின் மேடையில் அமர்ந்திருந்த பிரவுன், மேடை தரைக்கு இறங்கியதும் அதிலிருந்து எழுந்து, ஏறத்தாழ 900 துணை நடிகர்கள் நிறைந்த முகாமுக்குள் நடந்து சென்றார். ஒரே காட்சியில் சக்கரக் கருவியை விட்டு இறங்கி நடந்ததால், அந்த நகர்வைத் தொழில்துறை உடனே கவனித்தது. 1977 ஏப்ரலில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1978இல் ஸ்டெடிகாம் கண்டுபிடிப்புக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது.

இங்கே ஒரு கணக்கு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ட்ராலி எடையைத் தரைக்குத் தந்தது. ஸ்டெடிகாம் அதே எடையை ஒரு மனிதருக்குத் தந்தது. முழுநீளத் திரைப்படக் கேமரா ஏற்றிய கருவி 30 கிலோகிராம் வரை எடைகொள்ளும். அது முதுகின் மீது இல்லை. உடலுக்கு முன்னால் தள்ளி நிற்கிறது. முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி 30 கிலோகிராம் தொங்கினால், உடலை முன்னோக்கி வளைக்கும் திருப்புவிசை, ஒரு மீட்டர் நீளக் கோலின் முனையில் 12 கிலோகிராமைத் தொங்கவிட்டுக் கோலின் மறுமுனையைப் பிடித்து நிற்பதற்குச் சமம். நல்ல பயிற்சி உள்ளவர் உடலைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து இதைச் சமன்செய்வார். ஆனால் விளக்கு மாற்றும் நேரத்திலும், நடிகர் வசனம் மறந்த நேரத்திலும் அப்படியே நிற்க முடியாது.

குப்ரிக்கின் சக்கர நாற்காலி

சக்கரத்திலிருந்து விடுதலை பெற்ற கருவி முதலில் சக்கரத்தில் ஏறிய இடங்களில் மிகவும் அறியப்பட்டது ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980). இலண்டனுக்கு அருகே எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளத்தில் கட்டப்பட்ட விடுதியின் தாழ்வாரங்களில், டேனி என்னும் சிறுவன் மூன்று சக்கர வண்டியை வேகமாக ஓட்டிச் செல்கிறான். கேமரா தரையை ஒட்டி, அவனுக்குப் பின்னால் சில அடி தூரத்தில் செல்ல வேண்டும். கருவியைத் தலைகீழாக்கிக் கேமராவைக் கீழே தொங்கவிட்டு ஓடிப் பார்த்தால், அந்த வேகத்தில் ஓடவும் முடியவில்லை, தரையை ஒட்டிப் பிடிக்கவும் முடியவில்லை. எனவே ஸ்டெடிகாமின் கை ஒரு சக்கர நாற்காலியில் பொருத்தப்பட்டது. பிரவுன் அதில் அமர, உதவியாளர்கள் தள்ளினர். ஒலிப்பதிவுக் கருவியும் அதற்கான ஆளும் பின்புறத்தில் ஏறிக்கொண்டனர்.

அந்த எடையோடு வேகமாகத் திரும்பும்போது ஒரு டயர் வெடித்து நாற்காலி விபத்துக்குள்ளானது. அதன்பின் காற்றில்லாத திட டயர்கள் மாட்டப்பட்டன. கூடுதல் ஆளை ஏற்றுவதும் நிறுத்தப்பட்டது. சக்கரத் தேர்வின் முழுப் பாடமும் இந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது. காற்றடைத்த டயர் தரையின் சிறு அதிர்வுகளை விழுங்கும். ஆனால் எடை கூடினால் பக்கவாட்டில் நெளியும், வெடிக்கும். திட டயர் வெடிக்காது. ஆனால் தரையின் ஒவ்வொரு இணைப்பையும் மேலே அனுப்பும். எல்ஸ்ட்ரீயில் அந்த அதிர்வின் பெரும்பகுதியை ஸ்டெடிகாமின் சுருள்வில் கை ஏற்றுக்கொண்டதால் திட டயர் போதுமானதாயிற்று. விரிப்பின் மீது அமைதியும் மரத்தரையின் மீது கடகடப்புமாக மாறிமாறி ஒலிக்கும் சிறுவனின் வண்டியைப் பார்வையாளர் மறப்பதில்லை. அவன் பின்னால் ஓடிய மற்றொரு வண்டியின் சக்கரம் யார் காதிலும் விழுவதில்லை. காற்றடைத்த டயரை ஜான் பாய்ட் டன்லப் 1888இல் செய்ததும் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகவே என்பது ஒரு சுவையான தற்செயல்.

சுருள்வில் கை எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று கருதுவது தவறு. நடையின் மெதுவான ஏற்ற இறக்கத்தை அது நன்றாகக் கையாளும். கரடான தரையில் கடினமான சக்கரம் எழுப்பும் நுண்ணிய, விரைவான அதிர்வு வேறு வகையானது. அது கையின் மூட்டுகள் வழியே ஏறிக் கம்பத்தை இசைக்கருவியின் நரம்பைப் போல அதிரச் செய்யும். அதனால்தான் கற்சாலைக்கும் பழைய நடைபாதைக்கும் இரண்டு பெரிய காற்று டயர்கள் கொண்ட 'ரிக்‌ஷா' வகை வண்டிகள் விரும்பப்பட்டன.

தாங்கி எதற்கு?

உருளும் தாங்கி திரையில் தெரியாத கருவி. ஆனால் படப்பிடிப்பு நாளின் பெரும்பகுதி ஸ்டெடிகாம் அதில்தான் இருக்கிறது. தாங்கியின் உச்சியில் உள்ள முளையில் ஒரு பிடிப்பான் பொருந்தும். கருவியின் கம்பம் அந்தப் பிடிப்பானில் அமரும். ஒளியமைப்புத் தாங்கிகளுக்கு நிலைபெற்றுவிட்ட 16 மில்லிமீட்டர், 28 மில்லிமீட்டர் முளை அளவுகளே இங்கும் வழங்குகின்றன. கனமான கருவிக்கு 28 மில்லிமீட்டர் முளையே பொருத்தமானது.

ஓய்வு தருவது தாங்கியின் வேலைகளில் ஒன்றே. கருவியைச் சமநிலைப்படுத்துவதும் அதில்தான் நடக்கிறது. கம்பத்தைக் கிடைமட்டமாகப் பிடித்துக் கைவிட்டால், அது செங்குத்து நிலைக்குத் திரும்ப 2 முதல் 3 நொடிகள் ஆக வேண்டும் என்பது வழக்கமான அளவு. அதைவிட விரைந்தால் அடிப்பகுதி கனத்திருக்கிறது. நடக்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் கேமரா ஊசலாடும். இதைச் சோதிக்கும் நேரத்தில் தாங்கி ஓர் அங்குலம் உருண்டாலும் அளவு பொய்யாகும். கம்பம் முழுவதுமாகச் சுழலவும் வேண்டும் என்பதால், கீழ்முனை தாங்கியின் கால்களில் இடிக்காத உயரம் தேவை. இயக்குபவர் கருவியை அணியும்போது தம் கையின் முனையை அதன் பிடிக்குள் செருகி மெல்ல நிமிர்ந்து எடுப்பார். உயரம் அவருக்குப் பொருந்தாவிட்டால் 30 கிலோகிராமைக் குனிந்தோ எக்கியோ தூக்க நேரும். முதுகு பிடித்துக்கொள்வது இப்படித்தான்.

ஒளியமைப்புக்கு எங்கும் பயன்படும் சாதாரண இரும்புத் தாங்கியில் மணற்பை போட்டு வேலையை ஒப்பேற்றுவோர் உண்டு. மென்மையான தரையிலும் சரிவிலும் அதுவே நல்லது. ஒரு கால் மட்டும் தனியாக நீளும் தாங்கியாக இருந்தால் படிக்கட்டிலும் நேராக நிற்கும். ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் பத்து மீட்டர், இருபது மீட்டர் இடம் மாறும் படப்பிடிப்பில், சக்கரமில்லாத தாங்கியை யாராவது கருவியோடு இழுப்பார்கள். விழுவது அப்போதுதான்.

விட்டமும் கேபிளும்

தாங்கியின் சக்கரத்துக்கு முதல் எதிரி தரையில் கிடக்கும் மின்கேபிள். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கேபிளின் மீது சக்கரம் ஏறத் தேவையான தள்ளுவிசையை எளிய இயந்திரவியலால் கணக்கிடலாம். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு, அது சுமக்கும் எடையைப் போல 1.33 மடங்கு விசை வேண்டும். 10 சென்டிமீட்டர் சக்கரத்துக்கு 0.75 மடங்கு. 20 சென்டிமீட்டர் சக்கரத்துக்கு 0.48 மடங்கு. தாங்கி, கருவி, மணற்பை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 50 கிலோகிராம், மூன்று சக்கரம் என்றால், ஒவ்வொன்றின் மீதும் 17 கிலோகிராம். சிறிய சக்கரத்தை ஏற்ற 23 கிலோகிராம் விசை; பெரியதற்கு 8 கிலோகிராம்.

இங்கே விசை போதாமல் வண்டி நின்றுவிடுவதைவிட மோசமான ஒன்று நடக்கும். தள்ளுபவரின் கை தாங்கியின் மேற்பகுதியில் இருக்கிறது. அடியில் சக்கரம் கேபிளில் மாட்டி நின்றுவிட்டது. 23 கிலோகிராம் விசை தாங்கியை உருட்டாது, கவிழ்க்கும். உருளும் தாங்கியைத் தாழ்வாகப் பிடித்துத் தள்ள வேண்டும், தடை வரும் இடத்தில் தள்ளுவதைவிட இழுப்பது மேல் என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் மிகப் பெரிய சக்கரமே நல்லதா? இல்லை. பெரிய சுழல் சக்கரம் கருவியை உயர்த்தும். அதோடு, சுழல் சக்கரத்தின் அச்சு அதன் சுழலும் தண்டுக்கு நேர்கீழே இல்லாமல் சற்றுத் தள்ளி இருப்பதால், சக்கரம் உட்புறமாகத் திரும்பி நிற்கும்போது தரையைத் தொடும் புள்ளியும் உள்ளே நகர்ந்துவிடும். சக்கரம் பெரிதாக ஆக இந்த நகர்வும் கூடும். தாங்கியின் அடித்தளம் அந்த அளவுக்குக் குறுகும். உள்ளரங்கத்துக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர், வெளிப்புறத்துக்கு 20 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் என்பது நியாயமான நடுவழி.

பொருளைப் பொறுத்தவரை, நைலான் சக்கரம் எளிதாக உருளும். ஆனால் ஓடு பதித்த தரையில் அதன் ஓசை பக்கத்து அறைக்கும் கேட்கும். கறுப்பு ரப்பர் அமைதியானது, ஆனால் வண்ணம் பூசிய அரங்கத் தரையில் கோடு விழும். அதனால்தான் கோடு விழாத சாம்பல் நிற ரப்பர் வந்தது. 1970களின் தொடக்கத்தில் சறுக்குப் பலகைகளுக்குப் பரவிய பாலியூரித்தேன் சக்கரம் ஒரு நல்ல சமரசம். குழாய்களைத் தண்டவாளமாக்கி அதன் மீது இத்தகைய சக்கரங்களை இணை இணையாகச் சாய்த்து ஓடவிடும் மலிவான ட்ராலிகளும் அதனாலேயே பிறந்தன. ரப்பருக்கும் பாலியூரித்தேனுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. எடையோடு பல நாள் ஒரே நிலையில் நிறுத்தினால் தரையைத் தொடும் பக்கம் தட்டையாகிவிடும்; பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக்' என்று ஒரு குதி. காற்று டயருக்கு இந்தத் தொல்லை குறைவு என்றாலும் பஞ்சர் உண்டு. தாங்கி அதன் மீது நின்றபடியே இலேசாக ஆடுவதும் உண்டு, சமநிலைப்படுத்தும் வேலைக்கு அது ஆகாது. நுரை நிரப்பிய டயர் பஞ்சரைத் தீர்க்கிறது. ஆட்டத்தை முழுதும் தீர்ப்பதில்லை.

பிரேக்கிலும் இரு வகை உண்டு. ஒன்று சக்கரம் உருளுவதை மட்டும் தடுக்கும். மற்றொன்று அது தன் தண்டில் சுழல்வதையும் சேர்த்துப் பூட்டும். முதல் வகையில், பூட்டிய பிறகும் தாங்கி சில சென்டிமீட்டர் அங்குமிங்கும் அசையும். ஸ்டெடிகாமுக்கு இரண்டாம் வகையே வேண்டும், அதுவும் எல்லாச் சக்கரங்களிலும்.

மூன்று கால், நான்கு கால், ஐந்து கால்

தாங்கி கவிழ்வது அதன் காலின் மீது இல்லை; இரு கால்களின் நுனிகளை இணைக்கும் கோட்டின் மீது. நடுவிலிருந்து ஒவ்வொரு காலும் 50 சென்டிமீட்டர் நீண்டிருந்தால், மூன்று காலுள்ள தாங்கியில் அந்தக் கோடு நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கும். நான்கு காலில் அது 35 சென்டிமீட்டர். ஐந்து காலில் 40. ஈர்ப்பு மையம் 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், மூன்று கால் தாங்கி 12 பாகையளவு சாய்ந்ததும் விழும். நான்கு கால் 16 பாகையில். ஐந்து கால் 18 பாகைக்குச் சற்று மேல். அலுவலகச் சுழல் நாற்காலிகள் நான்கு காலிலிருந்து ஐந்து காலுக்கு மாறியதும் இதே வடிவியலால்தான்.

ஆயினும் ஒளியமைப்புத் தாங்கிகளில் மூன்று கால் இன்றும் நிலைத்திருப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. மேடுபள்ளமான தரையில் மூன்று கால் ஒருபோதும் தள்ளாடாது. நான்கு காலில் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கப் பார்க்கும். அதனால்தான் நான்கு சக்கரம் உள்ள வண்டியில், மொத்த எடையை நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுத்து, அந்த எடையைத் தாங்கும் சக்கரங்களைத் தேர்வு செய்வது பொறியாளர் வழக்கம். சமதளமான அரங்கத்தில் நாள் முழுதும் உருள்வதற்கு நான்கு அல்லது ஐந்து கால், தெருவில் நிறுத்திவைப்பதற்கு மூன்று கால் என்று இரண்டையும் வைத்திருப்பவர் சிரமப்படுவதில்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அகலமாக விரியும், சக்கரத்தைக் கழற்றி மாட்டக்கூடிய மூன்று கால் தாங்கியும் பத்துக் கிலோகிராம் மணற்பையும் போதும். மணற்பையை எவ்வளவு தாழ்வாகப் போட முடியுமோ அவ்வளவு நல்லது. மேலே தொங்கவிட்ட மணற்பை ஊசலாகிவிடும்.

பிந்தைய மாற்றங்கள்

அமெரிக்கக் கேமரா உதவியாளர்கள், கிடங்குகளில் சுமை ஏற்றுவதற்காகச் செய்யப்பட்ட மேக்லைனர் கைவண்டியைத் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொண்டனர். பெரிய டயர்கள், மடங்கும் சட்டம், இரண்டு தட்டு. அதன் ஒரு மூலையில் ஸ்டெடிகாம் பிடிப்பானும் ஏறிக்கொண்டது. தாங்கி தனி, பெட்டிகள் தனி என்று இருந்த நிலை மாறி, எல்லாம் ஒரே வண்டியானது. 2001இல் அறிமுகமான செக்வே இருசக்கர ஊர்தியில் நின்றபடி ஸ்டெடிகாம் இயக்குவதும் அந்தப் பத்தாண்டில் தொடங்கியது. கைகள் இரண்டும் கருவிக்குத் தேவை என்பதால், கைப்பிடி இன்றி உடல் சாய்வாலேயே திரும்பும்படி ஊர்தி மாற்றியமைக்கப்பட்டது.

2013இல் ஃப்ரீஃப்ளை நிறுவனத்தின் மோவியும், அடுத்த ஆண்டு டிஜேஐ நிறுவனத்தின் ரோனினும் வந்தபோது, சமநிலையை மின்மோட்டார்கள் ஏற்றுக்கொண்டன. மோட்டார் கிம்பல் சாய்வையும் திரும்பலையும் திருத்தும். ஆனால் நடப்பவர் ஏறி இறங்கும் செங்குத்து ஆட்டத்தை அது தொடுவதில்லை. அதற்கு மீண்டும் சுருள்வில் கையோ காற்று டயர் வண்டியோ வேண்டியிருக்கிறது. மோட்டாரை அணைத்தவுடன் கேமரா துவண்டு விழும் என்பதால் தாங்கியின் தேவையும் குறையவில்லை. கைப்பிடிச் சட்டத்தை மாட்டிவைக்கும் கொக்கிகளோடு புதிய பிடிப்பான்கள் வந்தன. அவை பொருந்துவது ஸ்டெடிகாமைத் தாங்கிய அதே 16, 28 மில்லிமீட்டர் முளைகளில்.